சினை ஊசி ஒரு மருந்து அல்ல

"மூன்று தடவை சினை ஊசி போட்டாயிற்று ஐயா, மருந்து பிடிக்கவில்லை" என்று திருமயம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவருடையது கலப்பினப் பசு. கன்று ஈன்று ஏழு மாதமாகியும் சினை நிற்கவில்லை. எப்போது ஊசிக்கு ஓட்டிப்போனீர்கள் என்று கேட்டேன். "காலையில் கத்தும். வயலில் வேலை இருக்கும். மறுநாள் சாயங்காலம் ஓட்டிப்போவேன். ஊசிதானே, எப்போது போட்டால் என்ன?" என்றார்.

இதில் அவரைவிட அந்தப் பெயரின் மேல்தான் குற்றம் அதிகம் என்பேன்.

காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் இருப்பது மருந்து. சினை ஊசியில் மருந்து ஏதும் இல்லை. தோலில் குத்துவதும் இல்லை. காளையின் விந்தை மெல்லிய குழலில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருப்பார்கள். அதை இளக்கி, நீண்ட கருவியால் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். ஏட்டில் இதற்குச் செயற்கை முறைக் கருவூட்டல் என்று பெயர். நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் இதை முதன்முதலாகச் செய்தார். ஏட்டுப் பெயர் நாவில் நிற்கவில்லை, 'ஊசி' நின்றுவிட்டது.

'சினை' என்ற பாதி மட்டும் சரியான சொல். மீன் வயிற்று முட்டையும் சினை. பசு வயிற்றில் வளரும் கருவும் சினை. முட்டை இல்லாமல் கரு ஏது? ஊசியில் வருவது காளையின் பங்கு மட்டுமே. முட்டையைப் பசுதான் தரவேண்டும். அதற்கு நேரம் உண்டு.

பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அது அடங்கிய 10, 12 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். சில மணி நேரமே அது கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். எனவே பருவ அறிகுறியைக் காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்ட வேண்டும். மேற்சொன்ன விவசாயி போன நேரத்தில் முட்டை வீணாகியிருக்கும்.

கத்துதல், தீனியும் பாலும் குறைதல், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுதல், பிற மாடு தன்மேல் தாவும்போது அசையாமல் நிற்றல் ஆகியவை அறிகுறிகள். விடியலிலும் இரவிலும் கொட்டிலை ஒருமுறை பாருங்கள்.

ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் நட்டம். மூன்று தவறினால் இரண்டு மாதம் போயிற்று. வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமையில், விளைச்சல் பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைப்பது பால் காசுதான்.

நேரம் தவறாமல் மூன்று முறை கருவூட்டியும் நிற்கவில்லையானால், கருப்பை நோயோ சத்துக்குறைவோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை. வாயால் ஊசி என்றாலும், மனத்தில் காளை சேர்ப்பதாக எண்ணுங்கள். காளைக்கு நேரம் தெரியும்; ஊசிக்குத் தெரியாது. அதை அறிய வேண்டியது மாடு வளர்ப்பவரின் கண்.