வடத்தின் கழுத்தில் ஓர் இலக்கம்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கைபேசி உபகரணங்கள் விற்கும் கடைகளுக்குள் நுழைபவர் கண்ணில் இப்போது முதலில் படுவது ஒளிரும் வடம். கைபேசியில் செருகும் முனைக்குச் சற்று முன்னால், நகமளவு திரையொன்றில் 27 என்றோ 31 என்றோ ஓர் இலக்கம் துடித்துக்கொண்டிருக்கும். பாயும் மின்வலு எத்தனை வாட் என்பதை அது சொல்கிறதாம்.

“ஐயா, சாதாரண வயரில இந்த நம்பர் தெரியுமே?” என்று கடைப் பையன் கேட்டான். தெரியாதுதான். 1,800 ரூபா கொடுத்து வாங்கினேன். ஏறத்தாழ அதே தடிப்புள்ள, இலக்கம் காட்டாத வடம் அதே கடையில் 700 ரூபாவுக்குத் தொங்கியது. மேலதிகமாகக் கொடுத்த அந்த 1,100 ரூபாவுக்கு நான் எதைப் பெற்றேன் என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

வீட்டுக்கு வந்து செருகியதும் தங்கையின் மகன் எட்டிப் பார்த்தான். “மாமா, 25 காட்டுது, நல்ல சாமான்” என்றான். முக்கால் மணி நேரத்துக்குப் பின்னர் 11. இன்னும் சிறிது நேரத்தில் 4. “மாமா, டூப்ளிகேட் தந்திட்டாங்கள். கொண்டுபோய்க் குடுங்கோ.”

முதலில் புகழ்ந்ததும் பிழை, பின்னர் தூற்றியதும் பிழை. லித்தியம் மின்கலம் வெறுமையாக இருக்கும்போது அதிக மின்னோட்டத்தை ஏற்கும். நிரம்ப நிரம்ப, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு கைபேசியே அதனைக் குறைத்துக்கொள்ளும். எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்பதை மின்னேற்றியும் கைபேசியும் தமக்குள் பேசித் தீர்மானிக்கின்றன. 9 வோல்ட்டில் 2 அம்பியர் என்று உடன்பட்டால் 18 வாட், 5 வோல்ட்டில் 2 அம்பியர் என்றால் 10 வாட். வடம் இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பாதை கொடுக்கிறது. தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்ற எல்லையை மட்டுமே அது விதிக்க முடியும். அதாவது திரையில் நாம் பார்த்து மகிழும் இலக்கம் மின்னேற்றியின் திறமையும் கைபேசியின் பசியும் சேர்ந்து எழுதியது. புகழை மட்டும் வடம் எடுத்துக்கொள்கிறது.

சரி, வடத்துக்கென்று சொந்தப் பொறுப்பு ஏதும் இல்லையா? இருக்கிறது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட மின்வலுவை வழியில் சிந்தாமல் மறுமுனையில் சேர்ப்பிப்பது. செம்பில் சிக்கனம் பிடித்த மெல்லிய கம்பிக்குத் தடை அதிகம். போய்வரும் பாதையின் தடை 0.2 ஓம் என்றும் பாய்வது 3 அம்பியர் என்றும் வைத்துக்கொள்வோம். 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும், 1.8 வாட் வெப்பமாக வடத்திலேயே தங்கும். அந்தச் சூட்டோடுதான் வடம் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. இந்த இழப்பை அறிய வேண்டுமாயின் வடத்தின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். நமது ஒளிரும் வடம் அளப்பதோ ஒரு முனையில் மட்டும். திரையில் 25 என்று தெரிந்தால், மின்னேற்றி அனுப்பியது 25தானா, 27ஐ அனுப்பி 2 வழியில் எரிந்ததா என்பதை அது சொல்லாது. வடத்தைப் பற்றி வாங்குபவன் அறியவேண்டிய ஒரே அளவை, வடத்திலே பொருத்திய அளவுகோல் மறைத்துவிடுகிறது. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

‘100 வாட்’ என்று உறையில் அச்சிட்டிருப்பதும் வேறு கதை. ரைப்-சி வடம் 3 அம்பியருக்கு மேல், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்டுக்கு மேல் சுமக்க வேண்டுமானால், தன் திறனை மின்னேற்றிக்கு அறிவிக்கும் சிறு சில்லு ஒன்று அதன் முனைக்குள் இருக்க வேண்டும். 2021இல் இந்த உச்ச எல்லை 240 வாட் வரை உயர்த்தப்பட்டது. சான்றிதழ் பெறும் வடங்களுக்கு 60, 240 என்று தனி அடையாளங்களும் வகுக்கப்பட்டன. நான் வாங்கிய வடத்தில் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை; இலக்கம்தான் இருந்தது. 25 வாட் கேட்கும் கைபேசியில் செருகிக் காட்டி 100 வாட் வடத்தை விற்பது, வாய்க்கால் தண்ணீரைக் காட்டிக் குளத்தின் ஆழத்தை நிரூபிப்பது போன்றது. தரவுப் பரிமாற்ற வேகத்தைப் பற்றி உறை மௌனம். இவ்வாறான வடங்கள் பல 2000ஆம் ஆண்டின் யூ.எஸ்.பி. 2.0 வேகத்திலேயே, அதாவது செக்கனுக்கு 480 மெகாபிட் என்ற அளவிலேயே நிற்கின்றன.

கூகுள் நிறுவனப் பொறியியலாளர் பென்சன் லியுங் 2015இன் இறுதியில் அமேசானில் விற்கப்பட்ட ரைப்-சி வடங்களைத் தாமாகவே வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். 2016 பெப்ரவரியில் ஒரு வடம் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. உள்ளே மின்வழங்கும் கம்பியும் புவிக்கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே, நியமத்துக்கு இணங்காத வடங்களை விற்கக்கூடாதென அமேசான் தடைவிதித்தது. அத்தகைய வடத்தின் கழுத்தில் ஓர் அழகிய திரையை ஒட்டியிருந்தாலும் உள்ளிருக்கும் கம்பி நேராகியிராது.

நமது நாட்டில் சந்தையில் மரக்கறி நிறுக்கும் தராசுக்கு அரச முத்திரை வேண்டும். அதற்கென 1995இன் 35ஆம் இலக்கச் சட்டமும் ஒரு திணைக்களமும் உண்டு. பொருட்களின் சுட்டுத்துண்டில் என்ன இருக்கவேண்டும் என்று பணிக்கும் அதிகாரத்தை 2003இன் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வழங்கியிருக்கிறது. வடத்தின் உறையில் எத்தனை அம்பியர், கம்பியின் தடிப்பு என்ன, தரவு வேகம் என்ன என்று மூன்று வரி அச்சிடச் சொல்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கு ரைப்-சியைக் கட்டாயமாக்கியபோது, சாதனத்துக்குத் தேவையான ஆகக்குறைந்த, ஆகக்கூடிய வாட் அளவுகளைச் சுட்டுத்துண்டில் குறிப்பிடவும் பணித்தது. அச்சிட்ட அந்த வரி, துடிக்கும் இலக்கத்தைவிட எனக்குப் பயன் தரும்.

அதிகாரிகளை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. முப்பது ஆண்டுகளாக நானும் குப்பை கொட்டும் பத்திரிகைத் தொழில் என்ன செய்கிறது? தொழில்நுட்பப் பக்கத்துக்கு வரும் விற்பனைத் துண்டறிக்கையின் தலைப்பை மாற்றிச் செய்தியாக்குகிறது. ‘நேரடியாக வாட் அளவைக் காட்டும் அதிநவீன வடம்’ என்று எழுதியவர் அதனை இரண்டு மணி நேரம் செருகிப் பார்த்திருந்தால் என் மருமகனைப் போலாவது சந்தேகப்பட்டிருப்பார்.

இந்த இலக்கத்தால் பயனே இல்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம். கைபேசி திருத்தும் நண்பரொருவர் இத்தகைய வடத்தை மேசையில் வைத்திருக்கிறார். “வேகமாக ஏற்றும்” என்று விற்கப்பட்ட மின்னேற்றி, வெறுமையான கைபேசிக்கு 7 வாட்டுக்கு மேல் கொடுக்க மறுப்பதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறார். அவருக்கு அது கருவி. ஆனால் அவர் தினமும் மின்னேற்றுவதற்கு வேறு வடம் வைத்திருக்கிறார் என்பதையும் கவனித்தேன்.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவில் வானொலியை இணைத்துத் தமிழோசை கேட்டோம். கை தளர்ந்தால் செய்தி தேயும். “தம்பி, இன்னும் கொஞ்சம் சுத்து” என்று அப்பா சொல்வார். எத்தனை வாட் வருகிறது என்று அன்று எங்களில் எவரும் கேட்டதில்லை. குரல் கேட்டதா என்பதே அளவு. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோதும், வந்த மின்சாரத்தைச் சிந்தாமல் கைபேசியில் சேர்ப்பதே எமக்கு வேண்டியிருந்தது.

வாங்கிய மூன்றாவது மாதம் அந்தத் திரை அணைந்துவிட்டது. கைபேசி வழமைபோல மின்னேறுகிறது. “வேறை ஒண்டு வாங்கிக்கொண்டு வரட்டே, மாமா?” என்று கேட்டான் மருமகன். வேண்டாம் என்றேன்.