குழல் மாற்றினால் தோப்பு காவலாகுமா?

ராஜபாளையத்திற்கு மேற்கே, ஐயனார் கோயில் பக்கத்து மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் சங்கத்திற்கு ஒரு மனுக் கொடுத்திருக்கிறார். பாட்டனார் காலத்து .315 ரைபிளுக்குப் புதுக் குழல் போட்டு, கட்டையையும் குறிக்கருவியையும் திருத்திக்கொள்ளக் கடன் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. தலைப்பில் ‘விவசாயக் கருவி பழுதுபார்த்தல்’ என்று எழுதியிருந்தார். படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. தோப்பை நேரில் பார்த்த பின் சிரிப்பு வரவில்லை. பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்ட தென்னங்கன்றுகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. “ஐயா, துப்பாக்கி மட்டும் சரியா இருந்தா இது நடக்குமா?” என்று அவர் கேட்டார்.

கேள்வியைத் தட்டிக் கழிக்க நமக்கு மனம் இல்லை. முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம்.

.315 ரைபிள் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் படைப்பு. ராணுவத்தின் .303 தோட்டா தனியார் கையில் இருக்கலாகாது என்று ஆங்கில அரசாங்கம் கருதியதால், அதே லீ-என்பீல்டு அமைப்பில் வேறு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. ரைபிளின் குழலுக்குள் முறுக்கிய புரிகள் உண்டு. குண்டைச் சுழற்றி நேரே செலுத்துவன அவையே. வெடிவாயுவின் சூட்டாலும், சுட்ட பின் துடைக்காமல் வைத்ததால் ஏறிய துருவாலும் புரி தேய்ந்துவிட்டால் குறி தவறும். இந்த அளவில் புதுக் குழல் தேவை என்பது சரியே.

ஆனால் குழலைத் திருகி மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. தாழை மூடும்போது அதன் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை அளவுகோல் வைத்துச் சோதிக்க வேண்டும். அது கூடினால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, வெடிவாயு சுடுகிறவர் முகத்திலேயே திரும்பும். நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆட்டங்கண்ட தறியில் புது அச்சைப் பூட்டினால் அச்சும் கெடும், பாவும் அறும். 1960-களில் இஷாப்பூரிலேயே இந்த ரைபிள் அமைப்பை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றினார்கள். அங்கே குழலை மட்டுமா மாற்றினார்கள்? உடற்பகுதிக்கு உறுதியான எஃகு கொண்டார்கள். தோட்டாப் பெட்டியையும் மாற்றினார்கள். ஒரு பெரிய தொழிற்சாலையே இவ்வளவு செய்தது என்றால், பட்டறைக்காரர் ஒருவர் ‘ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்வதை நாம் எப்படி நம்புவது?

சட்டமும் இடந்தராது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் உறுப்பும் ஆயுதமே. பழுதுபார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ‘மாற்றுவதுதான் மாற்றுகிறோம், .303 ஆக்கிவிடலாம்’ என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அது தடை செய்யப்பட்ட ரகம். பயிர்க் காவலுக்கென்று அச்சட்டம் பெயர் சொல்வது வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கண்டால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, புரியில்லாத துப்பாக்கியை. இதில் விவேகம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். பக்கத்துத் தோப்பில் இரவுக் காவல் இருப்பவரும் நம் அங்கத்தினர்தானே!

அதற்கும் மேலே, நம் இரண்டு ஊர்களுக்கும் மேற்கே இருப்பது 1988-இல் அமைந்த சாம்பல் நிற மலை அணில் சரணாலயம். 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்போர் தம் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம். செண்பகத்தோப்புப் பக்கத்தில் இதை அறியாதவர் பலர். பன்றியைப் பற்றியோ, 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடலாகாது. ஒன்று முதல் மூன்று வரை வனத்துறையார் பிடித்துக் காட்டில் விடுவர். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியரே சுடுவர். எந்த எல்லையிலும் தோப்புக்காரர் கைத் துப்பாக்கிக்கு வேலை இல்லை. மனுதாரர் தோப்போ காட்டை ஒட்டியே இருக்கிறது.

ஆகவே சங்கப் பணம் இந்தக் குழலுக்குப் போகலாகாது என்பது நம் அபிப்பிராயம். சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்பவர் மாதந்தோறும் கட்டிய சந்தாவும் அந்தப் பணத்தில் அடக்கம். அதற்காக மனுதாரரை வெறுங்கையோடு அனுப்புவதும் அடாது. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் கூடிக் கேட்டால் வேலிக்கும் இரவுக் காவல் கூலிக்கும் கூட்டுப் பொறுப்பில் கடன் தரச் சங்கம் யோசிக்க வேண்டும். வேலி என்றதும் மின்கம்பியிலிருந்து நேரே இணைப்பு இழுக்கும் பாதகத்தை நாம் சொல்லவில்லை. அதில் யானையும் சாகிறது, மனிதனும் சாகிறான். சேதம் நேர்ந்தால் வனத்துறை நிவாரணத்துக்கு உடனே எழுதித் தரவேண்டும். மண் காய்ந்து சுவடு அழிந்த பின் எழுதிப் பயனில்லை. இதற்குச் சங்கக் காரியதரிசிகள் துணை செய்தால் பாதி வேலை முடியும்.

மனு இன்னும் நம் மேசையில்தான் இருக்கிறது. தலைப்பை அடித்துவிட்டு, பக்கத்துத் தோப்புக்காரர்களின் கையெழுத்தோடு வேலிக் கடன் என்று அவர் எழுதித் தந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அதை எடுத்து வைக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.