நடுவரை நியமிப்பவர் யார்?

சத்தியவேடு: சங்கராந்தி வந்தால் இந்த எல்லைப்புறத்துக் கிராமங்களில் கபடிப் பந்தயமும் வந்துவிடும். இரண்டு மாநிலத்துக் குழுக்களும் கலந்துகொள்ளும். நள்ளிரவை நெருங்கும்போது தகராறும் மூளும். பாடிப் போனவன் தொட்டானா, இல்லையா? விசில் ஊதியவரைச் சூழ்ந்துகொண்டு இளைஞர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்க எந்த ஊரு சார்?"

கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய ஆள் அவரல்ல. நடுவராக வருபவர் பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியர். களத்தில் நிற்கும் பதினான்கு பேரில் நாலைந்து பேர் அவரிடமே பயின்றவர்களாக இருப்பார்கள். சிறிய வட்டாரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? அவரை அங்கே நிறுத்தியது யார் என்பதே முதல் கேள்வி. பந்தயம் நடத்தும் செயலாளரே ஒரு குழுவுக்குப் பனியன் வாங்கிக் கொடுக்கும் புரவலர். நடுவர் பட்டியலை எழுதுபவரும் அவரே. தீர்ப்பின் மீது புகார் கொடுத்தால் விசாரிப்பவரும் அவரே என்றால், ஊதுகிறவர் அரிச்சந்திரனாக இருந்தும் பயன் என்ன? அடுத்த ஆண்டு அழைப்பு வர வேண்டுமே!

மேல்மட்டத்திலும் இதே கதைதான். இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்தில் 28 ஆண்டுகள் தலைவராக இருந்த ஜனார்தன் சிங் கெலாட், பிறகு ஆயுட்காலத் தலைவரானார். அவருடைய மனைவி தலைவரானார். சர்வதேச சம்மேளனத்தைத் தொடங்கி நடத்தி வந்தவரும் கெலாட்தான். இரு நியமனங்களையும் 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்து, சம்மேளனத்தை ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்தது. குழுவைத் தேர்ந்தெடுப்பதும் ஆட்டத்தை நடத்துவதும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் தீர்ப்பை யார் நம்புவார்?

2023 அக்டோபர் 7-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமமாக நின்றபோது, பவன் செராவத்தின் ஒரு பாட்டைப் பற்றிய தீர்ப்பு மாறி மாறி வந்தது. பழைய விதியா, புதிய விதியா என்ற குழப்பம். ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. முடிவு சரியா என்பது இங்கே பேச்சல்ல. உலகமே பார்க்கும் ஆட்டத்தில் இந்த நிலை என்றால், டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கும் நம் ஆட்டத்தைக் கேட்க வேண்டுமா!

கிரிக்கெட் இதைத் தாமதமாகக் கற்றது. 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டில் நடுவர்களாக நின்றவர்கள் வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரு இந்தியர்கள். உள்ளூர் நடுவர் தயவில் ஜெயித்தோம் என்ற பேச்சே வேண்டாம் என்பது காப்டன் இம்ரான் கானின் நோக்கம். 1994 முதல் டெஸ்டுக்கு ஒருவர், 2002 முதல் இருவரும் வெளிநாட்டவர் என்று விதியாயிற்று. 2020-ல் கொரோனாவால் பயணம் முடங்கியபோது உள்நாட்டு நடுவர்களையே அனுமதித்தார்கள். ஆனால் அதற்கு ஈடாக இன்னிங்ஸுக்கு ஒரு மறுபரிசீலனை வாய்ப்பைக் கூட்டினார்கள். நமக்கு வேண்டிய பாடம் இதுதான். வெளியாள் கிடைக்காவிட்டால் வேறு காப்பாவது வேண்டும்.

செலவில்லாத வழிகள் உண்டு. செயலாளருக்குக் குழு இருந்தால் பட்டியலை அவர் தொடக்கூடாது. நடுவர்கள் எந்தப் பள்ளி, எந்தக் குழுவோடு தொடர்பு என்று முன்பே எழுதி ஒட்டலாம். டாஸ் போடுவதற்கு முன் இரு காப்டன்களின் எதிரில் குலுக்கிச் சீட்டெடுக்கலாம். புகாரை விசாரிக்க, தோற்று வெளியேறிய குழுக்களிலிருந்து இருவரைச் சேர்க்கலாம். அவர்களுக்குக் கோப்பை ஆசை தீர்ந்துபோயிருக்கும்!

வெறும் கோப்பைக்கு இத்தனையா என்று சிலர் கேட்கலாம். கோப்பை போகட்டும். கிராமப் பந்தயத்தில் கண்ணில் பட்டவன்தான் மாவட்டத் தேர்வுக்குப் போகிறான். அங்கும் ஒருவர் விசிலோடு நிற்கிறார். மாநில, தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் இரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போட முடியும். அந்த மனுக்கள் வரும் அலுவலகங்களில் கடைசி நிமிடத்துத் தொட்டானா, தொடவில்லையா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. காகிதம் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள்.