வாவிக்குள் காணி விற்பவர்களுக்கும், வாங்க ஓடுபவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவுதான். வாவியோரத்தில் காணி பார்த்துக்கொண்டிருப்பவர்கள், மகளுக்கு வீடு கட்டக் காசு சேர்க்கும் வாப்பா உம்மாமார், வெளிநாட்டில் உழைத்து ஊருக்கு அனுப்பும் தம்பிமார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். கோபப்படுவதென்றால் அதற்குப் பிறகு கோபப்படுங்கள்.

சில மாதங்களாக வட்ஸ்அப் குழுமங்களிலும் முகநூலிலும் ஒரே மாதிரியான விளம்பரங்கள் சுற்றுகின்றன. "லேக் வியூ காணி", "வாவி முகப்பு, 10 பேர்ச், உடனடி உறுதி", "வீடு கட்டலாம், கெஸ்ட் ஹவுஸ் போடலாம், போட் விடலாம்". பின்னேரச் சூரியன் தண்ணீரில் விழும் அழகான படமும் இருக்கும். அந்தப் படத்தின் கீழே "மாஷா அல்லாஹ், விலை என்ன காக்கா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "இந்தக் காணி பத்து வருசத்துக்கு முன்னர் காணியாக இருந்ததா?" என்று கேட்ட ஒருவரைக்கூட நான் காணவில்லை.

வாவியோரத்தில் உள்ள எல்லாக் காணியும் கள்ளக் காணி என்று நான் சொல்லவில்லை. பரம்பரை பரம்பரையாக, பழைய வரைபடத்தோடு, முறையான உறுதியோடு வாவியோரத்தில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. நான் பேசுவது, தண்ணீரிலும் கண்ணாக் காட்டிலும் கிரவலும் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேவி, மேலே ஒரு லோட் மண் தூவி, வேலி அடைத்து, பேர்ச் கணக்கில் நம் பிள்ளைகளின் தலையில் கட்டும் வியாபாரத்தைப் பற்றி. நம் ஆட்களே நம் ஆட்களுக்குச் செய்யும் அநியாயம் இது.

முதலில் "உறுதி இருக்கே" என்ற பேச்சு.

உறுதி இருந்தால் உரிமை இருக்கிறது என்று நினைப்பதுதான் நம் ஊரின் மிகப் பெரிய ஏமாளித்தனம். நொத்தாரிசு செய்வது, விற்பவரும் வாங்குபவரும் சொன்னதை எழுதி, சாட்சிகளோடு ஒப்பமிட்டு அத்தாட்சிப்படுத்துவது. தன்னிடம் இல்லாத ஒன்றை விற்பவர் உங்களுக்குத் தர முடியாது. காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டோம் என்பீர்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கே பதியப்படுவது ஆவணம். அந்த ஆவணத்தில் உள்ளது உண்மை என்று பதிவகம் உத்தரவாதம் தருவதில்லை. "நான் இத்தனை வருடமாக இந்தக் காணியை ஆண்டுவருகிறேன்" என்று ஒருவர் தானே தனக்கு எழுதிக்கொண்ட டெக்கிளரேசன் உறுதியில் இருந்துதான் உங்கள் உறுதியும் தொடங்குகிறதென்றால், அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள்.

வாவியின் படுக்கை அரச காணி. அதை மேவினால் அது மேவப்பட்ட அரச காணி ஆகுமே தவிர உங்கள் காணி ஆகாது.

"பத்து வருசம் ஆண்டால் காணி நமக்குத்தானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். தனியாருக்கு எதிராக அந்த வாதம் எடுபடலாம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டமே அரசின் உரிமையை அது பாதிக்காது என்று சொல்கிறது. பத்து வருடம் இருந்தாலும் முப்பது வருடம் இருந்தாலும் அரச காணி அரச காணிதான். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் அதிகாரி வெளியேறச் சொல்லி அறிவித்தல் தந்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: அரசு தந்த செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம், அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம். வீட்டுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அந்த விசாரணையில் விடையாகாது. கரண்ட் பில்லும் சோலைவரி ரசீதும் அப்படித்தான். மின்சாரம் வந்ததால் காணி உங்களுடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உறுதி முழுக்கச் சரியாக இருந்தாலும் இன்னொரு விசயம் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் 2011இல் திருத்தப்பட்டது. கடலோடு நிரந்தரமாகவோ இடையிடையேயோ தொடுக்கப்படும் வாவி, களப்பு, ஆறு ஆகியவற்றின் ஓரத்திலும், பூச்சியக் கடல்மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 100 மீற்றர் வரை கரையோர வலயத்துக்குள் வருகிறது. 100 மீற்றர் என்றால் சுமார் 330 அடி. மட்டக்களப்பு வாவிக்கு முகத்துவாரம் உண்டு, கடலோடு தொடுக்கிறது. ஆகவே அந்த எல்லைக்குள் வீடு கட்டவோ மேவவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தை அகற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. விளம்பரம் போடும் எந்தப் புறோக்கராவது இதைச் சொன்னாரா?

அடுத்தது, "எல்லாரும் கட்டித்தானே இருக்காங்க, யார் வந்து உடைச்சான்?"

ஒருவரும் உடைக்கவில்லை என்பது அனுமதி ஆகாது. இன்றைக்கு உங்களுக்கு ஆதரவாகப் பேசும் அரசியல்வாதி அடுத்த தேர்தலில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. அதைவிட, அதிகாரி வராவிட்டாலும் தண்ணீர் வரும்.

நம் வாவியின் நடத்தை நம் மூத்தவர்களுக்குத் தெரியும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும், தண்ணீர் வற்றும், கரை வெளியே தெரியும். மாரியில் படுவான்கரைப் பக்கத்து ஆறும் குளமும் வயலும் எல்லாம் வாவிக்குள் இறங்கும். முகத்துவாரம் திறக்கும்வரை அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் கரைதான். அந்தத் தாழ்ந்த கரையைத்தான் நாம் பேர்ச் போட்டு விற்கிறோம். புறோக்கர்மார் காணி காட்டுவது ஜூலை, ஓகஸ்டில். நீங்கள் டிசம்பரில் போய்ப் பாருங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 10 பேர்ச் 2,722 சதுர அடி. அதை 4 அடி உயரத்துக்கு மேவினால் ஏறத்தாழ 10,890 கன அடி, அதாவது 109 கியூப் மண். 3 கியூப் டிப்பர் என்றால் 36 லோட். அந்த இடத்தில் மாரியில் நிற்க வேண்டிய தண்ணீர் 3 லட்சம் லீற்றருக்கு மேல். நீங்கள் மேவியதால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாது. பக்கத்து வீட்டு அடுப்படிக்குள்ளும், பின்னால் உள்ள ஏழையின் குடிலுக்குள்ளும் போகும். நூறு பேர் மேவினால் 3 கோடி லீற்றர். 2011 ஜனவரி வெள்ளத்தை நாம் கண்டோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றபோது மாவட்டமே அழுதது. அவர்கள் வாவியோர வீட்டுக்காரர்கள் அல்ல, அந்தப் பிள்ளைகளை இந்த வாதத்துக்குள் இழுப்பது என் நோக்கமும் அல்ல. தண்ணீருக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதை நம் ஜனாஸாக்களிலிருந்து கூட நாம் படிக்கவில்லையே என்பதுதான் என் வேதனை.

இன்னொரு கணக்கு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 10 பேர்ச் சதுரக் காணியின் ஒரு பக்கமே 52 அடிதான். 6 பேர்ச் என்றால் 40 அடி. வீட்டையும் கட்டி, குழியையும் வெட்டி, கிணற்றையும் தோண்டினால் அது எங்கே போய்ச் சேரும்? வாவியோரத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும். மாரியில் குழி நிரம்பி வெளியே வரும். உங்கள் குழி பக்கத்து வீட்டார் கிணற்றிலும், அவர் குழி உங்கள் கிணற்றிலும் கலக்கும்.

"லேக் வியூ" என்று கூடுதல் விலை கொடுக்கிறீர்களே, அந்த வியூவை எந்த உறுதியிலாவது எழுதித் தந்தார்களா? உங்களுக்கு முன்னால் உள்ள தண்ணீரை அடுத்த வருடம் இன்னொருவர் மேவி விற்பார். அப்போது உங்களுக்கு வாவி தெரியாது, அவருடைய பின்சுவர்தான் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் கனவும் அப்படித்தான். முறையாக நடத்த உள்ளூராட்சி சபையின் அனுமதியும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவும் வேண்டும். கட்டடமே அனுமதியற்றது என்றால் எதைக் கொண்டுபோய்ப் பதிவீர்கள்?

இனி எல்லோரும் என்னிடம் சொல்லும் நியாயத்துக்கு வருகிறேன். "டீச்சர், ஊருக்குள்ள காணியும் இல்ல, இருந்தாலும் விலை தொட ஏலா. பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்காம கலியாணம் நடக்குமா?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. இது பொய்யான காரணம் அல்ல. கிழக்கில் நம்மிடம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது. மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடு. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய துண்டு நிலத்தில் அத்தனை வீட்டுக்கு எங்கே போவது? வாவிக்குள்தான் போகிறோம். மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை, "வீடு வாவிப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறோம். வாவியை மேவுவது டிப்பர் மட்டுமல்ல, நம் சீதன வழக்கமும்தான்.

இதில் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. அந்த வீடு மகள் பெயரில் எழுதப்படுகிறது. நாளை அறிவித்தல் வந்தால் அவள் பெயரில் வரும். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டால் அவள்தான் கைக்குழந்தையோடு எழும்பி நிற்பாள். விற்ற புறோக்கர் இருக்க மாட்டார். வாங்கிக் கொடுத்த வாப்பா உயிரோடு இருப்பாரோ தெரியாது. பாதுகாப்பு என்று நினைத்துக் கொடுத்தது அவளுக்கு வழக்காகப் போய்ச் சேரும்.

இன்னொரு குற்றச்சாட்டும் வரும். "நம்மட காணிகளப் பறிக்கத்தான் இந்தச் சட்டமெல்லாம். நீங்களும் அவங்களோட சேர்ந்து பேசுறீங்க." கிழக்கு முஸ்லிம்கள் யுத்த காலத்தில் காணி இழந்ததும், இன்னும் பல இடங்களில் விடை கிடைக்காமல் அலைவதும் உண்மை. அந்த உண்மையான உரிமைக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். பழைய உறுதியோடும் அனுமதிப்பத்திரத்தோடும் வயல் காணிக்காகப் போராடும் ஒருவரின் கோவையும், போன வருடம் மேவிய வாவிக் காணிக்காரரின் கோவையும் ஒரே மேசையில் போய் விழுந்தால், நட்டப்படுவது முதலாமவர்தான். "இவர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு வசனத்தில் இரண்டையும் மூடிவிடுவார்கள். தோணி கட்டும் இடத்தையும் வலை காயவைக்கும் கரையையும் இழந்த மீனவரும் நம்மிடம் கேட்பார். அவர் முஸ்லிமாகவும் இருப்பார், தமிழராகவும் இருப்பார். இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் கண்ணா மரத்தை வெட்டிவிட்டு, வாவியில் மீன் குறைந்துவிட்டது என்று யாரைக் குறை சொல்வது?

சரி, வாங்கத்தான் வேண்டுமென்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னர் இதைச் செய்யுங்கள்:

1. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குத் தேடிப் பாருங்கள். விற்பவர் காட்டும் சட்டத்தரணியிடம் அல்ல, உங்கள் சட்டத்தரணியிடம்.

2. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இது அரச காணியா, தனியார் காணியா என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல இணக்கமில்லாத கைமாற்றத்தில் கை வைக்காதீர்கள்.

3. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டிச் சென்று, நில அளவைத் திணைக்களத்தின் கிராம வரைபடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்த இடம் தண்ணீராக இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

4. கணினியில் கூகுள் ஏர்த் திறந்து பழைய வருடத்துப் படங்களைப் பாருங்கள். காசு செலவில்லை. உங்கள் பிள்ளையே காட்டித் தரும்.

5. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும், உள்ளூராட்சி சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழும் கேளுங்கள். வயலாக இருந்த காணி என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நிரப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. நீங்கள் கடன் எடுக்காவிட்டாலும், ஒரு வங்கி இந்த உறுதியை ஈடாக ஏற்குமா என்று விசாரியுங்கள். வங்கி தொட அஞ்சும் காணியில் உங்கள் பத்து வருட உழைப்பைப் போடாதீர்கள்.

7. மாரியில் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் உள்ள தண்ணீர்க் கோடு புறோக்கரைப் போல் பொய் சொல்லாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் உலமாக்களிடமும் ஒரு கேள்வி. பொருளின் குறையை மறைத்து விற்பது பற்றியும், அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் எடுப்பது பற்றியும் எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். பொதுச் சொத்தான வாவியை ஏக்கர் கணக்கில் எடுத்து விற்பது பற்றி ஒரு குத்பா கேட்க எங்களுக்கு ஆசை. மேவியவர் பள்ளிக்கு நிதி தருபவர் என்பதால் அந்தத் தலைப்பு வராமல் இருக்கிறதென்றால், அதையும் சொல்லிவிடுங்கள். நொத்தாரிசுமாரிடமும் ஒரு வேண்டுகோள்: எழுதுவது உங்கள் தொழில், ஆனால் வாங்குபவருக்கு உண்மையைச் சொல்வதைத் தொழில் தடுக்கவில்லை.

பிள்ளைக்கு வாவி மேவிய 10 பேர்ச்சை விட, உம்மாவின் வீட்டுக்கு மேல் ஒரு மாடி போதும். அதை ஏற்கும் மாப்பிள்ளைமாரை வளர்ப்பது ஆண் பிள்ளை பெற்ற நம் எல்லோருடைய வேலை.

கமெண்ட்டில் ஏசுபவர்கள் ஏசலாம். ஆனால் ஏசுவதற்கு முன்னர் மேலே உள்ள ஏழில் எதைச் செய்துவிட்டு உங்கள் காணியை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். காணி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் வீடுகளைப் பாதுகாப்பானாக.