பிள்ளையின் படிப்பும் பெற்றோரின் பெருமையும்



ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப் பிரதேசமாயிருந்த நீலாய், இன்று இன்டி முதலிய பல்கலைக்கழகங்கள் அமைந்த கல்வி நகரமாகிவிட்டது. பால்வாளி சுமந்தவரின் பேரன் இஞ்சினீயரிங் பட்டத்துக்குப் படிக்கின்றான் என்றால் அதைக் கேட்டு மகிழாத தமிழர் இரார். ஆனால், அப்பிள்ளை இரவு மூன்று மணிக்கு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்க்கின்றானா, சுவரைப் பார்க்கின்றானா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

இஞ்சினீயரிங் இலேசான படிப்பன்று. நான்கு ஆண்டுகள் கணிதமும் பட்டறைப் பயிற்சியும் பரீட்சையும் ஒன்றையொன்று துரத்தி வரும். முதலாண்டுக் கணிதத்தில் தவறினால், அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்த பாடமும் தடைப்படும். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கம் வகிப்பதால், இந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டம் அதில் சேர்ந்த பிற நாடுகளிலும் மதிக்கப்படுகின்றது. ஆகவே, பாடத்தின் பாரத்தைக் குறையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாளைக்குப் பாலம் கட்டப் போகிறவன் பாதிக் கணக்கு மட்டும் அறிந்தவனாயிருக்கலாகாது. பாடத்துக்கு மேல் நாம் ஏற்றி வைக்கும் பாரத்தையே இறக்குங்கள் என்கின்றோம்.

அந்தப் பாரம் யாது? “எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி” என்று கல்யாண வீடுகளில் பறைசாற்றுவது. “அடுத்த வீட்டுப் பையன் முதல் வகுப்பாமே” என்று ஒப்பிடுவது. 1997-இல் ஏற்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதியில், முதல் வகுப்பில் தேறுவோருக்கு நிபந்தனைகளுடன் கடன்விலக்கு உண்டென்று கேட்டவுடன், அதை இப்போதே குடும்ப வரவில் எழுதிக் கொள்வது. பெருமை பெற்றோருக்கு, பயம் மட்டும் பிள்ளைக்கா?

“பயமிருந்தால்தான் படிப்பான்” என்பர் சிலர். 1908-இல் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தனர். எளிய வேலையைக் கற்கப் பலத்த அதிர்ச்சி உதவிற்று. கடின வேலையிலோ அது கற்றலைக் கெடுத்தது. எலியைக் கொண்டு மனிதனை முற்றும் அளக்க முடியாதுதான். ஆயினும், கடினமான கல்விக்கு அச்சத்தைத் துணையாக்குவோர் இதைச் சற்றே யோசிக்க வேண்டாமா?

“விடியுமுன் பெரட்டுக்குப் போய் நாங்கள் படாத கஷ்டமா?” என்பர் வேறு சிலர். அவர்கள் பட்டது மெய். அதை நாம் மறவோம். ஆனால், 1842-இல் பிரான்சில் வெர்சாய் இரயில் விபத்தில் அச்சு முறிந்து பலர் மாண்டனர். ஒரே முறையில் முறிக்க இயலாத சிறு பாரமும், மீண்டும் மீண்டும் விழுந்தால் இரும்பையே முறித்துவிடும் என்பதைப் பின்னர் வோலர் என்னும் ஜெர்மானியர் சோதித்து நிரூபித்தார். தினம் ஒரு சொல் என்று நாம் சொல்வதும் அத்தகையதே.

பிள்ளையின் முகம் வாடினால் திருஷ்டி கழிப்பதும், தாயத்துக் கட்டுவதும், “ஊர் பைத்தியமென்னும்” என்று வைத்தியரிடம் மறைப்பதும் என்ன அறிவுடைமை? தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவையே 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட பழியை நாம் சுமப்பானேன்? கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் சங்கம் 1970 முதல் மனம் நொந்தோரின் குறை கேட்டு வருகின்றது. அரசாங்கத்தின் 15555 என்னும் தொலைபேசி உதவியும் உண்டு.

வாலிபத் தோழரே, உமக்கும் ஒரு வார்த்தை. உறக்கத்தை விற்று மதிப்பெண் வாங்க முடியாது. கற்றது மனத்தில் நிலைப்பது உறக்கத்தில்தான். ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடித் தம்மைத் தாமே சோதிப்பவருக்கு ஒரு வாரத்திற்குப் பின்னும் பாடம் அதிகம் நினைவிலிருப்பதை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் ஆராய்ச்சி காட்டிற்று. கணக்கு விளங்காவிடில் முதல் வாரத்திலேயே ஆசிரியரைக் கேளும், கேட்பது இழிவன்று. ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதலாம். உயிரை மறுபடி எழுத முடியாது.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வரும்போது, “எத்தனை மதிப்பெண்?” என்பதற்கு முன் “தூங்கினாயா, சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். கேட்டபின், அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை வாய்திறவாமல் இருங்கள். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.