‘அது இங்கிலிஷ் படிச்ச ஆக்களுக்கு’ என்ற பொய்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள நமது ஊர்களில் ஒரு பிள்ளை தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் முடித்தால், டீச்சிங் எப்போது கிடைக்கும் என்பதுதான் எல்லார் வாயிலும் வரும் கேள்வி. வாப்பா கேட்பார், மாமி கேட்பார், பள்ளிவாசல் வாசலில் சந்திக்கும் அயலவரும் கேட்பார். ஒப்பியல் இலக்கியத்தில் மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று அந்தப் பிள்ளை சொன்னால் பதிலும் தயாராக இருக்கிறது. “அது இங்கிலிஷ் படிச்ச ஆக்களுக்கு மகள். கொழும்புப் புள்ளைகளுக்கு. நமக்கு ஏன்?”

வீட்டார் இதை அன்பினால் சொல்கிறார்கள், பிள்ளை ஏமாந்து போகக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இதையே பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் பாடசாலை அதிபர்களும் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவர்கள். இந்த நம்பிக்கை முழுக்கப் பொய் என்பதையும், இதனால் நமது பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எதை இழக்கிறார்கள் என்பதையும் யாராவது வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

ஒப்பியல் இலக்கியத் துறை ஒரு மாணவரிடம் முதலில் எதிர்பார்ப்பது மொழிகளை. ஒரே மொழியின் இலக்கியத்தை மட்டும் அறிந்தவருக்கு அங்கே வேலை இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற மூன்று மொழிகளிலாவது இலக்கியத்தை மூலத்தில் வாசிக்கும் தகுதி வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் வளர்ந்து ஆங்கில இலக்கியம் மட்டும் படித்த பிள்ளை அங்கே போனால் இன்னும் இரண்டு மொழிகளைத் தேட வேண்டியிருக்கும். சாய்ந்தமருதுப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியம் முழுக் கையிருப்பு. அரபு எழுத்து ஐந்து வயதில் குர்ஆன் மத்ரஸாவில் கைக்கு வந்தது. சிங்களம் பாடசாலையில் இரண்டாம் மொழியாக வந்தது. ஆங்கிலம் குறைவாக இருக்கலாம். கணக்குப் பார்த்தால் அந்தத் துறையின் வாசலுக்கு யார் கிட்ட நிற்கிறார்?

தமிழ்ப் பட்டதாரி இந்தத் துறையில் என்ன செய்ய முடியும் என்பது 1960களிலேயே நிரூபணமான விஷயம். க. கைலாசபதி பேராதனையில் தமிழ் படித்தவர். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு வைத்துப் பார்த்தார். அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அடுத்த வருடம் ‘ஒப்பியல் இலக்கியம்’ என்ற பெயரிலேயே தமிழில் ஒரு நூல் எழுதினார். அவர் அங்கே கொண்டுபோன மூலதனம் புறநானூறுதான்.

கைலாசபதி யாழ்ப்பாணத்தவர், அவர்களுக்கு வேறு வசதிகள் இருந்தன என்று சொல்வோர் உண்டு. சரி, சாய்ந்தமருதின் தெற்கு எல்லையைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும், சிலப்பதிகார உரை சொல்லும் நாடக இலக்கணத்தையும், வடமொழியின் தசரூபகத்தையும் ஒரே நூலில் சேர்த்து ஆராய்ந்தார். அந்த ‘மதங்க சூளாமணி’யை மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926இல் வெளியிட்டது. மூன்று மொழிகளின் நாடகக் கலையை ஒப்பிட்ட இந்த மனிதர் நமது பக்கத்து ஊர்க்காரர்.

நமது சொந்த ஊர்களுக்கு வருவோம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார், பேராதனையில் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழ் இலக்கணத்தையும் அரபு இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அவர் மொழிபெயர்த்த ‘பாலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வந்தது. அரபியில் எழுதப்பட்ட கவிதைகள் ஆங்கிலத்தின் வழியாக ஒரு கல்முனைக் கவிஞரின் கைக்கு வந்து தமிழாகி, எண்பதுகளின் ஈழத்துக் கவிதையில் தம் குரலைப் பதித்தன. நிலம் பறிபோனவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை ஒரு தலைமுறைக் கவிஞர்கள் அந்தப் புத்தகத்திலிருந்தும் கற்றார்கள். மூலக் கவிதையில் எது ஆங்கிலத்தில் உதிர்ந்தது, எது தமிழில் மீண்டும் முளைத்தது, பாலஸ்தீனக் கவிஞர் தர்வீஷின் கவிதை தமிழ்ப் போராட்டக் கவிதையோடு எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பதெல்லாம் அரபும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய ஆய்வு. உலகில் எந்த ஒப்பியல் இலக்கியத் துறையும் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாது.

‘ஆயிர மசலா’வின் கதையை நமது தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய இந்த நூல், இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையது. நபிகள் நாயகத்திடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் அதன் பொருள். இதே கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் உண்டு. தமிழ், மலாய், ஜாவா வடிவங்களை ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் எழுதிய நூலைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் இலக்கியத்தில் அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த நூல் அது. தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை, படித்துக் கற்ற மொழி. அவர் செய்தது மிக நல்ல வேலை, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிய நமது பிள்ளைகள் எத்தனை பேருக்கு, இப்படி ஓர் ஆய்வுக்கு உலகில் இடமும் மதிப்பும் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்போம்? நமது அலுமாரியில் தூசு படிந்து கிடக்கும் நூல், வேறொருவருக்கு உலகத் தரமான ஆய்வாகிறது. நமது பிள்ளைக்கு மட்டும் அது பரீட்சைக்கு மனனம் செய்யும் ஐந்து மதிப்பெண் குறிப்பு.

அரபு விஷயத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. குர்ஆனை ஓதத் தெரிவது வேறு, அரபு இலக்கியத்தை வாசித்து விளங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விண்ணப்பத்தில் எழுதினால் நேர்முகத்தில் அகப்பட்டுக்கொள்வோம். ஆனால் மௌலவிக் கற்கையில் அரபு இலக்கணமான நஹ்வும் ஸர்ஃபும், அணியியலான பலாகாவும் வருடக்கணக்கில் படித்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பலாகாவில் உவமையைப் பற்றிச் சொன்னதையும் தண்டியலங்காரம் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தகுதி பெற்றவர்கள் அவர்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்துக்குள் தமிழ் ஒரு பீடத்தில் இருக்கிறது, அரபு இன்னொரு பீடத்தில் இருக்கிறது. நடுவில் சில நிமிட நடை. இன்னோர் உதாரணம்: நமது வயல்களில் பிறந்த நாட்டார் கவிகளை நிந்தவூர் முத்துமீரானும் சாய்ந்தமருது அனாரும் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். இதே நாட்டின் சிங்கள விவசாயிகள் சேனைக் காவல் குடிசையில் இரவிரவாகப் பாடிய பெல் கவிகள் சிங்களத்தில் இருக்கின்றன. இரண்டையும் மூலத்தில் வாசிக்கக்கூடியவராக நமது மாவட்டத்துப் பிள்ளை இருக்க முடியும்.

ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் எழுத வேண்டும். பதினைந்து, இருபது பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். நோக்கக் கூற்று எழுத வேண்டும். இவையெல்லாம் ஒன்றரை வருட உழைப்பில் எட்டக்கூடியவை. தமிழில் எழுதிய சிறப்புக் கற்கை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் திரும்ப எழுதினாலே கட்டுரைக்கு அடித்தளம் கிடைத்துவிடும். நோக்கக் கூற்றில் சிறு வயது முதலே இலக்கியத்தில் ஆர்வம் என்று தொடங்குவதை விடுங்கள், அதைத் தெரிவுக் குழுவினர் நூறு விண்ணப்பத்தில் வாசித்திருப்பார்கள். என் கேள்வி இது, இதற்கு இந்த மொழிகள் எனக்கு வேண்டும், இவற்றில் இன்னது எனக்குத் தெரியும், இன்னதைக் கற்கப் போகிறேன் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தை இருபத்துநான்கு வயதில் மெருகேற்றிக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த தமிழை, மருதமுனையின் நெசவுச் சத்தத்தோடு வந்த பேச்சை, எந்த வகுப்பிலும் விலைக்கு வாங்க முடியாது.

பணம் பற்றிய அச்சமும் பாதி அறியாமையிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இந்தத் துறையின் கலாநிதிக் கற்கைக்கு அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் விலக்கப்படும், கற்பிப்பதற்கோ ஆய்வுக்கோ மாதக் கொடுப்பனவும் கிடைக்கும். முதுமாணிக்கு அப்படியில்லை, அதற்காக வீட்டை ஈடு வைக்க வேண்டாம். இந்தியாவில் புத்ததேவ போஸ் 1956இல் தொடங்கிய ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துறை இருக்கிறது, ஹைதராபாத் இருக்கிறது, இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசிலும் இருக்கிறது. படித்து முடித்தால் வேலை நிச்சயமா என்று கேட்டால், இல்லை. இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற பலருக்கு அமெரிக்காவிலேயே நிரந்தர வேலை கிடைப்பதில்லை, அதை மறைத்துப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. ஆனால் நிச்சயம் என்று நாம் காட்டும் டீச்சிங்குக்கும் பட்டதாரிகள் வருடக்கணக்கில் காத்திருந்து வீதியில் இறங்கிப் போராடித்தானே நியமனம் வாங்குகிறார்கள்.

நமது கலைப்பீடங்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம் என்பதால், இந்தப் பொய்யின் முழுப் பாரமும் அவர்கள்மேல்தான் விழுகிறது. மருத்துவம் படிக்க மகளைத் தூரத்துக்கு அனுப்பும் குடும்பம், இலக்கியம் படிக்க அனுப்புவதை வீண் என்று நினைக்கிறது. தூரம் ஒன்றேதான், மாறுவது படிப்பின்மேல் நாம் வைத்திருக்கும் மதிப்பு.

விரிவுரையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பம் வைத்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையின் ஆய்வேட்டை வாசித்து, அதில் எந்தப் பக்கத்தில் புதிதாகச் சிந்தித்தாள் என்பதை உங்கள் கையால் எழுதுங்கள். தெரிவுக் குழு தேடுவது அதைத்தான்.

ஊரில் பொறுப்பிலுள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1942இல் கல்முனைக்கு அரசாங்க அதிகாரியாக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் இங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் தொடங்கினார். இன்று நமக்குத் தேவைப்படுவது அதைவிடச் சிறிய தொகை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் ஏறக்குறைய நூறு டொலர், அதோடு ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம். வருடம் மூன்று பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க ஒரு பழைய மாணவர் சங்கமோ ஒரு பள்ளிவாசல் நிர்வாகமோ நினைத்தால் முடியும். பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பரிலும் ஜனவரி முதல் வாரங்களிலும் மூடப்படுகின்றன. ஆங்கிலப் பரீட்சையை அதற்கு முன்பே எழுதி முடிக்க வேண்டும். ஆகவே அந்த நிதியை வருட நடுப்பகுதிக்குள் தொடங்குங்கள்.