டிவி நம்முடையது, பாக்ஸ் யாருடையது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஒளிபரப்பே வேண்டாம் என்று கொடி பிடிக்க வரவில்லை. "அந்தக் காலத்து ஆன்டெனா போல வருமா" என்று பெருமூச்சு விடும் வயசும் எனக்கு ஆகவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பி.காம் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுக்கும் கேள்வி. இந்தச் சொத்து யாருடைய பேலன்ஸ் ஷீட்டில் வரும்?

டிவி நம் கணக்கில் வரும். அதற்கு உயிர் கொடுக்கும் செட்டாப் பாக்ஸ்?

எங்கள் பெரியபட்டினம் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற ஊர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே தொடங்கிவிட்டாலும் அதன் அலை இந்தப் பக்கம் எட்டவில்லை. 1982-ல் கொழும்பில் ரூபவாகினி தொடங்கியதும் அது கடல் தாண்டி வந்தது. மாடியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, ஒரு பூஸ்டர் மாட்டினால் போதும் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே 'பால்' முறை ஒளிபரப்பு. அதனால் இங்கே வாங்கிய டிவி அந்தக் கரையின் அலையையும் பிடித்தது. பிற்பாடு ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரமும் எழுந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். டிவியும் ஆன்டெனாவும் நம்முடையவை. எந்த அலையைப் பிடிப்பது என்று முடிவு செய்ததும் நாம்தான்.

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திலும் இதே நியாயம்தான். 14 அங்குலப் பெட்டி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போனது. கொடுத்ததோடு சரி, அது அந்த வீட்டுச் சொத்து. திருப்பிக் கொடு என்று யாரும் வரவில்லை.

இப்போது டிஜிட்டல் கதைக்கு வருவோம்.

2011 கடைசியில் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தி, நாடு முழுக்க நான்கு கட்டமாக டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்றார்கள். முதல் கட்டம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள், 2012. இரண்டாம் கட்டம் கோவை மாதிரி 38 நகரங்கள், 2013. எங்களைப் போன்ற கிராமங்கள் கடைசிக் கட்டம். தேதியைத் தள்ளித் தள்ளி 2017 மார்ச் 31-ல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். செப்டம்பரில் இலவச பாக்ஸ் வர ஆரம்பித்தது.

நன்மை இல்லையா? உண்டு. அனலாக்கில் ஒரு சேனல் அடைத்துக்கொண்ட இடத்தில் டிஜிட்டலில் பல சேனல்களை அனுப்பலாம். படம் துல்லியம். எத்தனை வீட்டில் இணைப்பு என்பதும் ஒளிக்க முடியாத கணக்காகிவிடும். சந்தாதாரர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது சேனல்காரர்களின் பழைய புகார். அரசுக்கும் வரி சரியாக வரவில்லை. அவர்கள் பிரச்சினை தீர்ந்தது, சந்தோஷம். பார்க்கிறவனுக்கு என்ன தீர்ந்தது?

கணக்கைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய். வருடத்துக்கு 840. 2017-ல் டிஜிட்டல் வந்தபோது 125 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 147.50. 2019-ல் ட்ராய் கொண்டுவந்த புது விதிப்படி 100 சேனலுக்கான அடிப்படைக் கட்டணம் மட்டும் 130 வரை போகலாம். ஜிஎஸ்டியோடு 153.40. வருடத்துக்கு 1,840 ரூபாய் 80 காசு. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் ட்ராய் எடுத்துவிட்டது. போட்டி இருக்கிறது, சந்தையே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் தத்துவம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. போட்டி எங்கே ஐயா இருக்கிறது?

போட்டி என்றால் பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போக முடிய வேண்டும். இங்கே ஒரு நிறுவனத்தின் பாக்ஸில் இன்னொரு நிறுவனத்தின் ஒளிபரப்பு வராது. இத்தனைக்கும் உள்ளே இருக்கிற மின்னணு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே போட்டிருக்கும் மென்பொருள் பூட்டுதான் வேறு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாவி வைத்திருக்கிறார்கள். நிறுவனம் மாறினால் புது பாக்ஸ், புது ரிமோட், ஆள் வந்து மாட்டும் கூலி. எங்கள் வீட்டுப் பரணில் மூன்று நிறுவனங்களின் பாக்ஸ்கள் தூங்குகின்றன. மூன்றும் பழுதில்லை, மூன்றும் குப்பை. எங்கள் ஊர் மண்ணைத் தோண்டியபோது பழைய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. நாளைக்குத் தோண்டுகிறவர்களுக்கு செட்டாப் பாக்ஸ்தான் கிடைக்கும் போல :-)

"அரசு கேபிள் இலவசமாகத்தானே கொடுத்தது?" என்பீர்கள். கொடுத்தது, நன்றி. ஆனால் அந்த பாக்ஸ் அரசு கேபிள் நிறுவனத்தின் சொத்து. இணைப்பை விட்டால் திருப்பித் தர வேண்டும். இலவச டிவிக்கும் இலவச பாக்ஸுக்கும் இதுதான் வித்தியாசம். ஒன்று தானம், இன்னொன்று இரவல். 2022 நவம்பரில் அரசு கேபிள் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் ஊமையாகிப் போனது ஞாபகம் இருக்கிறதா? புயலில்லை, வயர் அறுபடவில்லை. மென்பொருள் பக்கத்துச் சிக்கல், அவ்வளவுதான். பூட்டு யார் கையிலோ அவர் கையில்தான் நம் வீட்டு டிவி என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

"காசு கட்டிப் பார்க்கிற சேவை, பூட்டு இருக்கத்தானே செய்யும்?" இதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் செல்போனும் காசு கட்டுகிற சேவைதானே! போன் நம்முடையது, சிம் மட்டும் அவர்களுடையது. 2011 ஜனவரி 20 முதல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதியும் நாடு முழுக்க வந்துவிட்டது. அதை நடத்துவதும் இதே ட்ராய்தான். போனில் முடிந்தது டிவியில் ஏன் முடியாது?

முடியும் என்று ட்ராயே சொல்லியிருக்கிறது. 2020 ஏப்ரலில் அது தந்த பரிந்துரை இதுதான்: பாக்ஸ் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக இருக்கட்டும், பூட்டுச் சாவி மட்டும் யுஎஸ்பியில் செருகும் சின்னப் பொருளாகத் தனியே வரட்டும். நிறுவனங்கள் மாறிக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் என்றும் எழுதியது. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை!

அமெரிக்காவில் 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, பழைய டிவிக்கான மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், கூப்பனுக்கு 40 டாலர் என்று அரசே கொடுத்தது. அது ஆன்டெனாவில் வரும் இலவச ஒளிபரப்பு, கேபிள் அல்ல. ஆனாலும் அந்த முறையைக் கவனியுங்கள். பெட்டியைக் கடையில் வாங்கினார்கள், அது அவர்களுடையதானது. மாத வாடகை கிடையாது. நம்மூரிலும் டிடி ஃப்ரீ டிஷ் அப்படித்தான். ஒருமுறைச் செலவு, பிறகு பாக்ஸ் உங்களுடையது. தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் மிகக் குறைவு என்பதால்தான் நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, அந்தப் பொது பாக்ஸ் பரிந்துரையைத் தேதி போட்டுக் கட்டாயமாக்கு. இரண்டு, அதுவரை பாக்ஸுக்குக் காசு வாங்கினால் அது விற்பனையா, வாடகையா, வைப்புத்தொகையா என்று ரசீதில் எழுதிக் கொடு. மூன்றாவது நமக்கு நாமே. புது டிவி வாங்கும்போது அங்குலத்தை மட்டும் பார்க்காமல், உள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 18112, 2022-லேயே வந்துவிட்டது. நான்கு பேர் கேட்டால்தான் கடைக்காரர் சரக்கு இறக்குவார்.

153 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கிறவர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத வீட்டில் போய்க் கேளுங்கள். அந்த மாதம் ரீசார்ஜ் பண்ணாவிட்டால் கறுப்புத் திரைதான். ரீசார்ஜ் தீர்ந்தால் பாட்டு, படம் நிற்கட்டும், புரிந்துகொள்ளலாம். ஆனால் புயல் எச்சரிக்கை சொல்லும் தூர்தர்ஷனும் சேர்ந்து நிற்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

டிஸ்கி: கேபிள்காரக் காக்காமார் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மழையில் போஸ்ட் ஏறுகிறவர்கள் அவர்கள். பூட்டுச் சாவி அவர்கள் கையிலும் இல்லை.